திரும்பி நிற்கும் ங

ரங்கூனில் இறங்கியதும்
கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினோம்.
பதினொரு பேர், நாலு பெட்டி மூக்குக் கண்ணாடி,
ஒரே மாதிரி மஞ்சள் பனியன்.
முதுகில் ‘பார்வை எல்லோர்க்கும்’ என்று அச்சடித்திருந்தது.
அந்த விமான நிலையத்தில் அதைப் படிக்க முடிந்தவர்கள்
அநேகமாக நாங்கள் மட்டும்தான்.

நடுவில் மடித்த டாலரைக்
காசு மாற்றுகிறவர் தொடவில்லை.
பெனிட்டா அதை மருந்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்து
அதன்மேல் உட்கார்ந்தே வந்தாள்
பெகு வரைக்கும்.

இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன.
ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது.
முன்னே போகும் லாரியைத் தாண்டும்போது
எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது.
இடப்பக்க ஜன்னலில் ஒரு பையன்
தலையை நீட்டிப் பார்த்து
தொண்டையில் ஒரு சத்தம் கொடுப்பான்.
அந்தச் சத்தத்தை நம்பி முடுக்குவார்.
ஒவ்வொரு முறையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்,
கண் முகாமுக்குப் போகிறவள்.

தேநீர்க் கடையில் பக்கத்து மேசைக்காரர்
உதட்டைக் குவித்து முத்தம் போல ஒலி எழுப்ப
ஷகிலாவின் முகம் கறுத்தது.
ஓடி வந்தவன் தேநீர் கொடுக்கும் பையன்.
கூப்பிடும் விதமே அதுதானாம்.
டாக்டர் அம்பலவாணன் மூன்று தரம் முயன்றார்.
காற்றுதான் வந்தது.

பெயர்ப் பலகைகளைப் பார்த்தேன்.
வட்டம், வட்டம், வட்டம்,
பொங்கும் பாலின் விளிம்பு மாதிரி.
‘எல்லாம் முட்டை’ என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன்.
சிரிக்கும் பொம்மை ஒன்று திரும்பி வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில்
கதவுக்கு வெளியே வரை வரிசை.
கன்னத்தில் சந்தனமா என்று ஒரு சிறுமியைக் கேட்டேன்.
‘தனக்கா’ என்றாள்.
வேறு யாருக்கு என்று குழம்பி
நின்றேன் கொஞ்ச நேரம்.

பதிவேட்டில் டோ கின் தான் மியின்.
வாயைத் திறந்தால் ராக்காயி.
வயது நாற்பத்தாறு, மீன் வியாபாரம்.
‘பேச்செல்லாம் நல்லாத்தேன் வரும்,
தமிழு படிக்க மட்டும் தெரியாது.’
தமிழ் அட்டையைச் சுருட்டினேன்.
ஆங்கில அட்டையையும் சுருட்டினேன்.
எழுத்தறியாதவர்க்கென்று ஒன்று கொண்டுவந்திருந்தோம்:
வரிசையாக வளையங்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு வாசல்.
வாசல் எந்தப் பக்கம் என்று
கை காட்டினால் போதும்.

அவர் கை காட்டவில்லை.
படித்தார்.
‘ங. ப. க. ங.’

வலப்பக்கம் திறந்தால் ங,
மேலே திறந்தால் ப,
கீழே திறந்தால் க.
நூறு முகாம்களில் மாட்டிய அட்டை,
அதில் எழுத்து இருந்ததை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இடப்பக்கம் திறந்த ஒன்றில் மட்டும் தயங்கினார்.
‘இது திரும்பி நிக்கிற ங.
கோவிச்சுக்கிட்டு நிக்கிது.’

எங்கள் அகராதியில் வேலையில்லாமல் கிடக்கும் ங.
இங்கே ஙா என்றால் மீன்.
அதைக் கூடையில் சுமந்து விற்று
இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்.

நாலாவது வரியில் குரல் மெலிந்தது.
‘வ... வ... இதும் வ.’
வ என்பது முழு வட்டம்.
வாசல் இல்லாத வளையம்
அந்த அட்டையில் ஒன்றுகூடக் கிடையாது.
மைனஸ் ஒன்றே முக்கால் என்று எழுதிக்கொண்டேன்.
எழுதும்போது
நேற்று அனுப்பிய முட்டைகள் ஞாபகம் வந்தன.

கத்தரிப்பூ நிறச் சட்டம்தான் வேண்டும் என்று
பெட்டியைக் கலைத்து எடுத்துக்கொண்டார்.
சாயங்காலம் வாசலில் என்னை நிறுத்தி
எதிர்க்கடைப் பலகையைக் காட்டினார்.
‘மொத எழுத்து?’
‘ப.’
‘அடுத்தது?’
‘வ.’
தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தார்,
ஜன்னல் பையன் கொடுத்த அதே சத்தம்.
‘நல்லாப் பாரு. கீழ தொறந்திருக்குல்ல?’

திறந்துதான் இருந்தது.
‘பகான்’ என்றார்.
‘ஊரு பேரு.
கடை என்னமோ செருப்புக் கடைதேன்.’